கிடேரியின் பங்கு

தொழுவத்தின் தகரக் கூரை இடுக்கில் காலை வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. மாட்டு டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் இதே கிடேரிக் கன்று உதறியதில், கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி அவருடைய கட்டைவிரலில் ஏறிவிட்டது. அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, மனிதருக்கும் தொற்றும். மாத்திரையும் காய்ச்சல் பயமுமாக நாள்கள் போயின. நேற்றுதான் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. கன்றைக் கட்டிப் பிடித்திருக்கும் பண்ணைக்காரர் தயங்குகிறார்.

"இவளுக்கு மட்டும் வேற டாக்டரக் கூப்பிடட்டுமாம்மா?"

"எதுக்கு? அன்னிக்கு இவ பங்கையும் நானே வாங்கிக்கிட்டேன். இவளுக்குத்தான் இன்னும் போய்ச் சேரல."

கன்று திமிறுகிறது, தகரத் தடுப்பு அதிர்கிறது. தழும்பு மின்னும் அந்தக் கட்டைவிரல் மட்டும் நடுங்காமல் அழுத்துகிறது, கடைசிச் சொட்டு வரை. காலி ஊசி டப்பாவில் விழும் சத்தம் கேட்கிறது. அன்று பாதியில் நின்றுபோன ஊசிக்காக வாசலில் நிற்கும் மீதிப் பத்தொன்பது கன்றுகளையும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

"அடுத்தவள விடுங்க."