சூடேறாத குழாய்

ஒரு பக்கம் சிராய்த்து, கண்ணாடி உடைந்த மோட்டார் சைக்கிளைப் பெரியவர் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு எரியலைப்பா. என்னன்னு பாரு."

மெக்கானிக் வண்டியைக் கிளப்பி, இரண்டு சைலன்ஸர் குழாயிலும் தண்ணீர் தெளித்தான். ஒன்று சுர்ரென்றது. மற்றது சூடேறவே இல்லை; தண்ணீர் சும்மா வழிந்தது.

டேங்கைக் கழற்றினான். பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குக்குப் போகிற ஒயர் இரண்டு துண்டாக இருந்தது. வெட்டின இடத்தை மறைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது தானா அறுந்ததில்ல ஐயா. எவனோ வேணும்னே வெட்டியிருக்கான்."

"வெட்டினா வண்டி மெதுவாப் போகும், அவ்வளவுதானே? நல்லதுதானே?"

"நல்லதா? லாரியைத் தாண்டுறப்ப வண்டி இழுக்கலைன்னா, எதிர்ல வர்றவன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான். இதைச் செஞ்சவன் கையை உடைக்கணும்! இருங்க, பத்து நிமிஷத்துல மாத்திடறேன்."

"வேண்டாம்ப்பா."

பெரியவர் சூடேறாத குழாயின் மேல் கையை வைத்தார்.

"மகன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறானேன்னு நான்தான் போன வாரம் ஒருநாள் காலைல வெட்டினேன். அன்னிக்குச் சாயங்காலமே லாரியைத் தாண்டுறப்ப போயிட்டான். வேகமாப் போய்ச் செத்தான்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் சந்தேகமா இருந்துச்சு. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."