பச்சையாகிவிட்ட வரி

தில்லைநகர் ஆபீஸில் யமுனா ஆஸ்பத்திரி மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். டெஸ்ட் ஓடும்போது இயங்கிய நிரல் வரிகளைக் கவரேஜ் பிளகின் என்ற கருவி பச்சையாகக் காட்டும், இயங்காததைச் சிவப்பாக. மாதிரி நோயாளிக்குத் தன் பெயரையும், உறவினருக்குக் கணவன் இளவரசனின் நம்பரையும் போட்டிருந்தாள். அதனாலேயே, நோயாளி இறந்தால் உறவினருக்கு 'உடலைப் பெற்றுக்கொள்ளவும்' என்று செய்தி அனுப்பும் வரிக்கு மட்டும் டெஸ்ட் எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

இன்று அந்த வரி பச்சையாக இருந்தது. எல்லா டெஸ்ட்டையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மற்ற வரிகளெல்லாம் சிவந்துபோயின. அது மட்டும் பச்சை.

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து இளவரசன் கூப்பிட்டான். "உடலை வாங்கிக்கங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. உன் பேரு போட்டிருக்கு. எங்க இருக்க?"

"ஆபீஸ்லதாங்க இருக்கேன்."

"ஹலோ? யமுனா, கேக்குதா?"

"ஆபீஸ்லதாங்க!" என்று கத்தினாள். பக்கத்து மேஜைகளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.