வாசற்படியின் ஈரம்

தெஹ்ரானுக்குப் புறப்பட்ட கணவன் பெஹ்ரூஸ் நலமாகத் திரும்பவேண்டுமென்று, ஈரானிய முறைப்படி அவன் முதுகுக்குப் பின்னால், லண்டன் வீட்டு வாசற்படியில், ஃபரங்கீஸ் ஒரு கிண்ணம் நீர் ஊற்றினாள். அவனிடம் பிரிட்டன் கடவுச்சீட்டும் இருந்ததால், தெஹ்ரான் அரசு அவனைப் பணயக்கைதியாகச் சிறையில் வைத்தது. ஊற்றிய நீர் நான்கு கோடைகளிலும் காயவில்லை. அவன் வந்தால் காய்ந்துவிடும் என்றிருந்தாள்.

செவ்வாய்தோறும் வெளியுறவு அதிகாரி அந்த ஈரத்தைத் தாண்டி வந்தார்.

“ரகசியமா பேசிட்டிருக்கோம், மேடம். பத்திரிகைக்காரங்ககிட்ட வாயத் திறக்காதீங்க.”

“நாலு வருஷமா நான் திறக்கல. சிறைக்கதவும் திறக்கல.”

ஒரு செவ்வாயன்று அவர் பெஹ்ரூஸையே அழைத்துவந்தார். “அவங்க ஆள விட்டோம், உங்க ஆள விட்டாங்க.”

இளைத்திருந்தாலும் முகமும் குரலும் அவனுடையவையே. அதிகாரி போனதும் ஃபரங்கீஸ் படியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மீண்டும் நீர் ஊறியது.

உள்ளேயிருந்து அதைப் பார்த்த அவன், பழையபடி செல்லமாக ‘ஜான்’ சேர்த்துக் கேட்டான்: “இன்னும் யாரு வரணும், ஃபரங்கீஸ் ஜான்?”