பக்கத்து நாற்காலி

“ஏனுங்க, அந்தக் கத்திய வித்துப்போடுங்க. அதாலதானே அத்தைக்குக் கெட்ட பேரு?” என்றாள் கெசியா கணவனிடம், வாசலிலேயே.

அருங்காட்சியகத்திலிருந்து ஓய்வு பெற்ற மதன்குமார் இருவரையும் உட்காரச் சொன்னார். ஜெப்ரி கத்தியோடு அம்மாவின் ஒரே கல்யாணப் படத்தையும் நீட்டினான். ஜாவாவில் எடுத்தது. அம்மா மணக்கோலத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை இல்லை, இந்தக் கத்திதான் இருந்தது.

“கத்தியக் காட்டி மெரட்டியும் அப்பா வரல, கல்யாணமே நடக்கலைன்னு சித்தப்பா சொல்றாருங்க. எனக்கு வெவரம் தெரியறதுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேருமே தவறிட்டாங்க.”

மதன்குமார் கத்தியை இரு கைகளாலும் வாங்கினார். அலையாக நெளிந்த இரும்பில் வெள்ளிக் கோடுகள் நீரோட்டம்போல் ஓடின.

“இது கிரிஸ், ஜாவாக்காரங்க குத்துவாள். அப்பாவுக்கு அப்ப என்ன வேலைங்க?”

“கப்பல்ல வேலைங்க.”

“அப்ப யாரும் மெரட்டலைங்க. மாப்பிள்ளையால வர முடியலைன்னா, அவரோட கிரிஸையே மாப்பிள்ளையா உட்கார வெச்சுக் கல்யாணம் செய்யறது ஜாவா வழக்கம். இந்தப் படத்துல உங்கப்பா இருக்காருங்க.”

ஜெப்ரி படத்தைத் திரும்ப வாங்கி, அந்த நாற்காலியைப் பார்த்தான்.

பார்த்தறியாத மாமனார் முன்னால் உட்கார்ந்திருக்க மனமில்லாமல், கெசியா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.