விலை கேட்காத ஆள்

"உசுருக்கு என்ன பெரிய வெலை? ஒரு டீ காசு. அதுக்கே வாங்க ஆளில்ல" என்று எழுதியிருந்தான் 'உப்புக்காத்து'.

அறந்தாங்கியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சொர்ணவல்லி, கல்லாவில் உட்கார்ந்தபடியே போனில் அதைப் படித்தாள். சாக நினைப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழு அது. பெரியவர்கள் புத்தி சொல்ல வந்தால் திட்டித் துரத்திவிடுவார்கள். அதனால் ஐம்பது வயது சொர்ணவல்லி அங்கே இருபது வயது 'மின்மினி'. போன வருஷம் மகனைப் பறிகொடுத்தபின், அவன் போனில் கிடைத்த குழு. வேறு ஒரு பிள்ளையையாவது இதிலிருந்து இழுத்துவிட வேண்டும் என்று உள்ளே புகுந்துவிட்டாள்.

"ஒனக்கு எதுக்குப் பயம்?" என்று தட்டினாள்.

"எங்க ஆத்தாதான் முதல்ல பாக்கும். அந்த மூஞ்சிய நெனைச்சாத்தான். ஒனக்கு?"

"பொழைச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்னு."

அது மகன் எழுதியிருந்த பயம். அதைத் தன்னுடையதாக எழுதி அனுப்பினாள்.

"அப்ப இன்னைக்கு நீயும் போகாத, நானும் போகல. நாளைக்குப் பாப்போம்" என்றான் உப்புக்காத்து.

"நானே அதத்தான் சொல்ல வந்தேன்."

இப்படியே தவணை போட்டு மாதங்கள் ஓடின. சொர்ணவல்லிக்கு நம்பிக்கை இருந்தது. பேரம் பேசுகிறவன் வாங்காமல் போகமாட்டான். விலையே கேட்காமல் நிற்பவன்தான் சத்தமில்லாமல் படியிறங்குவான். கடை சொல்லிக்கொடுத்த பாடம்.

இவர்கள் இருவரைத் தவிர குழுவில் மிச்சமிருந்த ஒரே ஆள் 'வெறுங்கை'. குழுவைத் தொடங்கியதே அந்தப் பிள்ளைதான். யார் எதை எழுதினாலும் ஒரு கட்டைவிரல் படம் போடும், அதோடு சரி. தொந்தரவில்லாத பிள்ளை என்று சொர்ணவல்லி விட்டுவிட்டாள்.

ஒருநாள் குழுவிலேயே கேட்டான் உப்புக்காத்து: "ஒனக்கு அறந்தாங்கின்னு சொன்னியே, நாளைக்கு அங்க பஸ் ஸ்டாண்டுல பாக்கலாமா?"

"வா. பச்சைக் குடை வச்சிருப்பேன்."

வழக்கம்போல ஒரு கட்டைவிரல் விழுந்தது.

மறுநாள் பச்சைக் குடையோடு நின்றவளிடம், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏம்மா, பச்சைக் குடையோட ஒரு பொண்ணு நிக்கிறேன்னுச்சு. மின்மினின்னு பேரு. ஒங்க மகளா?"

"அது நான்தாங்க."

பெரியவர் குடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஆலங்குடியில முந்திரி யாவாரம் பண்றேன், பேரு மலையாண்டி. உப்புக்காத்து நான்தான். எம் மக போயிட்டா. வேற ஒரு புள்ளையவாச்சும் காப்பாத்தலாம்னு..."

"எனக்குப் பையன்ங்க."

"நல்லா யாவாரம் பாத்தோம் போங்க. ரெண்டு பேருமே விக்க வந்திருக்கோம், வாங்க ஒருத்தனும் இல்ல." சிரிக்கப் பார்த்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ சொன்னார்கள். கிளாஸைக் கையில் வாங்கும்போது இருவர் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. வெறுங்கை வாய் திறந்திருந்தது.

"இந்நேரம் பாத்திருப்பீங்க. ஒங்க ரெண்டு பேரு கதி என்னாகுமோன்னுதான் நானும் தினம் ஒருநாள் தள்ளிப்போட்டுக்கிட்டு இருந்தேன். இனி ஒருத்தருக்கொருத்தர் இருக்கீங்க. அந்தக் கவலை விட்டுச்சு. வாரேன்."

அடுத்த வரி: 'வெறுங்கை வெளியேறிவிட்டார்.'

சொர்ணவல்லி "இரு சாமி" என்று தட்டினாள். அதைப் படிக்கக் குழுவில் இருந்தது மலையாண்டி மட்டும்தான்.

மூன்று பேரில் வேஷம் இரண்டு. பாக்கி ஒன்று.