பீரோ சாவி

"பீரோ சாவியை எங்க வச்சீங்க?" என்று கணவரிடம் கேட்டாள் அவள்.

"சாவியா? நம்ம முதல் வாடகை வீடு... மழை பேஞ்சா பூட்டு திறக்காதே! அதுக்கு எண்ணெய் வாங்கப் போனேன். வழியில உன் தம்பி, புது சைக்கிள்ல..." வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். எதைக் கேட்டாலும் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் பதிலுக்கு வருவார். "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்க!" என்று அவளும் தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"பிரேக் பிடிக்கலை. நேரா என் மேலயே ஏத்திட்டான். எண்ணெய் பூரா சட்டையில. அதைத் துவைக்கும்போது நீ சிரிச்சியே, ஒரு சிரிப்பு..."

வேலை முடிந்து வந்த மகள், கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா! அப்பாவா பேசறது?"

பக்கவாதம் வந்த நாளிலிருந்து 'ம்', 'வேணாம்' இரண்டைத் தவிர எதுவும் பேசாத மனிதர். "தினமும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உஷ்! குறுக்க பேசாதே. விஷயத்துக்கு வந்துடப் போறார்!" என்றாள் அவள், கையிலிருந்த பீரோ சாவியை இறுக மூடிக்கொண்டு.