ரெண்டு பேருக்குப் போதும்

"ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கணும், விலையும் கையைக் கடிக்கக்கூடாது" என்றாள் மருமகள்.

பாத்திரக்கடை விற்பனைப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. தனிக்குடித்தனம்தான். கணவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். அவனைப் பெற்றவளோ சிரித்த முகமாக மூடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கைப்பிடியைக் கழட்டி மாட்டலாம். மூடியே தட்டாவும் ஆகும்" என்றாள் விற்பனைப் பெண்.

"அத்தை, இது எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இடிச்சுக்கிட்டுச் சத்தம் வரக்கூடாது" என்றாள் மாமியார்.

மருமகளின் அக்கம்பக்கத்தாருக்காகக்கூடக் கவலைப்படுகிறாளே என்று விற்பனைப் பெண்ணின் மனசு இளகியது.

"நடுவுல துணி வச்சு அடுக்கிக்கலாம்மா. பெரிசா ஒண்ணையும் சேர்த்து எடுத்துக்கங்க. நீங்க போய்த் தங்கினா மூணு பேருக்கும் சமைக்க வேணாமா?"

"பெரிசெல்லாம் வீட்டுல கிடக்கு. அதை இவனுக்கு விட்டுட்டுப் போறோம்."

"அப்ப இது?"

"எனக்கும் என் மருமகளுக்கும். ஒரு மாசம் ஊர் சுத்தப் போறோம்." வாசலில் அடுப்பும் படுக்கையுமாக ஒரு வேன் நின்றது. "வளைவுல திருப்பும்போது பின்னால கடகடன்னா என்னால வண்டி ஓட்ட முடியாது."

மாமியார் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மருமகள் பாத்திரப் பையோடு பக்கத்தில் ஏறினாள். இருவரும் கையாட்ட, வேன் சத்தமில்லாமல் திரும்பிப் போனது.

விற்பனைப் பெண் அதுவரை மாமியாருக்காகச் சேர்த்து வைத்திருந்த இரக்கமெல்லாம் மகன் பக்கம் திரும்பியது. அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா" என்றான் தணிந்த குரலில், "ஒரே ஒரு முட்டை அவிக்க எந்தப் பாத்திரம் வாங்கணும்?"